எண் இல்லாத பயணச்சீட்டு

செப்டம்பர் மாதத்தில் வேளாங்கண்ணிக்குப் பேருந்தில் போய்வந்தவர்களுக்கு, இடம் பிடிப்பது எப்படி என்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வண்டி நிலையத்துக்குள் திரும்பும்போதே சன்னல் வழியாகத் துண்டு விழும், பை விழும், சில வேளைகளில் பிள்ளையையே உள்ளே இறக்கிவிடுவார்கள். துண்டு கிடக்கும் இடம் துண்டுக்காரருக்கே உரியது என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆயினும் நம்மில் பெரும்பாலோர் அதனை மதிக்கிறோம். மதிக்காதவரோடு தஞ்சாவூர் வரை சண்டையிட்டுக்கொண்டே போகிறோம். இக்கலையில் ஐம்பது ஆண்டுப் பழக்கம் உள்ள நான், ஆகாய விமானத்தில் இடம் பிடிக்கத் தெரியாமல் விழித்தேன் என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும்.

2018-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் நானும் என் மனைவியும் அமெரிக்க நாட்டின் டாலஸ் நகரில் எங்கள் மகள் வீட்டில் தங்கியிருந்தோம். அதே டெக்ஸஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் என் மைத்துனியின் மகன் குடியிருக்கிறான். அவனைப் பார்த்துவர மகள் எங்களுக்கு சவுத்வெஸ்ட் என்னும் விமான நிறுவனத்தில் சீட்டு எடுத்தாள். சீட்டைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். நாள் இருந்தது, நேரம் இருந்தது, எங்கள் பெயர்களும் இருந்தன. ஆசன எண்ணை மட்டும் காணவில்லை.

“இந்த விமானத்தில் ஆசன எண்ணே கிடையாது அப்பா. முதலில் ஏறுகிறவர் விரும்பிய இடத்தில் உட்காரலாம்” என்றாள் மகள்.

“அப்படியானால் நம்மூர்ப் பேருந்துதான்” என்றேன். அந்த இறுமாப்புக்குரிய தண்டனை மறுநாளே கிடைத்தது.

புறப்பட்ட இடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். டாலஸ் நகரின் பழைய விமான நிலையத்துக்கு லவ் ஃபீல்டு என்று பெயர். அன்பு வயல் என்று மொழிபெயர்த்து மகிழ்ந்த என்னை மகள் திருத்தினாள். 1913-இல் விமான விபத்தில் உயிர் நீத்த மாஸ் லவ் என்னும் இளம் இராணுவ அதிகாரியின் நினைவாக வைத்த பெயராம். 1963-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் அதிபர் கென்னடி வந்திறங்கியது இந்நிலத்தில்தான். அன்று பிற்பகலே அவருடைய உடலை ஏற்றி நின்ற விமானத்தினுள் ஜான்சன் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். விவிலியம் என்று எண்ணி அவர் கைவைத்தது, விமானத்தில் கென்னடியின் அறையில் இருந்த கத்தோலிக்கத் திருப்பலிப் புத்தகம் என்பது பின்னர் தெரியவந்தது. மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்திய எனக்கு, அந்த ஓடுதளத்தைக் கண்ணாடி வழியே பார்த்தபோது சற்று நேரம் பேச்சு எழவில்லை. என் மனைவியோ, தண்ணீர்ப் புட்டியைப் பரிசோதனையில் பறித்துக்கொண்டார்களே என்ற கவலையில் இருந்தாள்.

சவுத்வெஸ்ட் நிறுவனம் பிறந்ததும் இந்த நிலையத்தில்தான். ரோலின் கிங் என்பவரும், வழக்கறிஞர் ஹெர்ப் கெல்லெஹரும் சேர்ந்து 1967-இல் அதனைப் பதிவு செய்தார்கள். ஏற்கெனவே தொழில் நடத்திவந்த நிறுவனங்கள் நீதிமன்றத்துக்கு இழுத்ததால், முதல் விமானம் எழும்ப 1971-ஆம் ஆண்டு ஜூன் 18 வரை காத்திருக்க நேர்ந்தது. டாலஸ், ஹூஸ்டன், சான் அந்தோனியோ ஆகிய மூன்று ஊர்களுக்கு மட்டுமே சேவை. அடுத்த ஆண்டில் பணமுடை. இருந்த நான்கு விமானங்களில் ஒன்றை விற்றுவிட்டார்கள். விற்ற பிறகும் நான்கு விமானங்களின் வேலையை மூன்றைக் கொண்டே செய்ய வேண்டும் என்று தீர்மானித்தபோது, தரையிறங்கிய விமானம் பத்தே நிமிடத்தில் மீண்டும் புறப்பட வேண்டியதாயிற்று.

அங்கேதான் எண் இல்லாத ஆசனம் கைகொடுத்தது. தனக்கென்று ஓர் இடம் காத்திருக்கிறது என்று அறிந்தவர் சாவகாசமாகக் காப்பி அருந்திவிட்டு வருவார். இடம் நிச்சயம் இல்லாதவர் முன்கூட்டியே வந்து வாசலில் நிற்பார். ஏறியதும் சட்டென்று உட்காருவார். ஆரம்ப நாட்களில் எண் பொறித்த பிளாஸ்டிக் அட்டைகளை வாசலில் கொடுத்து, ஏறும்போது திரும்ப வாங்கி, அடுத்த பயணத்துக்கும் அவற்றையே பயன்படுத்தினார்கள். நம் சைக்கிள் நிறுத்தும் இடத்துத் தகர வில்லையைப் போன்ற ஏற்பாடு!

பிற்காலத்தில் பயணிகளை ஏ, பி, சி என மூன்று பிரிவாக்கினார்கள். பிரிவுக்குள் வரிசை எண் இல்லாமையால், மக்கள் முன்னதாகவே வந்து பையும் பெட்டியுமாகத் தரையில் அமர்ந்து வரிசை காத்தார்கள். 2007-ஆம் ஆண்டு நவம்பரில் அதற்கும் முடிவு கட்டி, ஒவ்வொரு பிரிவிலும் 1 முதல் 60 வரை எண் கொடுத்தார்கள். வாசலருகே எண்கள் எழுதிய கம்பங்களை நட்டு, இன்ன எண்ணிலிருந்து இன்ன எண் வரை இங்கே நிற்க என்று குறித்துவிட்டார்கள். ஆசனத்துக்கு எண் கொடுக்க மறுத்தவர்கள் மனிதர்களுக்கு எண் கொடுத்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அந்த வரிசையில் எவரும் எவரையும் இடிக்கவில்லை. “உங்கள் எண் என்ன?” என்று பக்கத்தவரைக் கேட்டு, ஓர் அடி முன்னோ பின்னோ நகர்ந்துகொண்டார்கள். அவ்வளவுதான்.

அந்த எண்ணைப் பெறும் முறையில்தான் நான் தவறினேன். விமானம் புறப்படுவதற்குச் சரியாக 24 மணி நேரம் முன்பு, இணையத்தில் செக்-இன் என்னும் வருகைப் பதிவு திறக்கும். முந்திப் பதிந்தவருக்கு முந்திய எண். கூடுதல் பணம் கட்டியவர்களுக்கு அதற்கு முன்பே எண் ஒதுங்கிவிடும். மகள் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் அழைத்து, “இப்போதே பதிந்துவிடுங்கள் அப்பா” என்றாள். “நாளை இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய் முதல் ஆளாக நின்றுகொள்கிறேன்” என்று நான் அசட்டையாக இருந்துவிட்டேன். மாலையில் அவள் வந்து பதிந்தபோது கிடைத்தவை சி பிரிவில் 14, 15. எங்களுக்கு முன்னால் 133 எண்கள். விமானத்தில் இருந்தவையோ 143 ஆசனங்கள்.

உள்ளே நுழைந்தபோது சன்னலோரமும் நடைபாதையோரமும் நிரம்பி, இடையிடையே நடு ஆசனங்கள் சில மட்டுமே காலியாக இருந்தன. என் மனைவிக்கு ஒரு காது கேளாது, ஆங்கிலமும் பழக்கமில்லை. ஏழாவது வரிசையின் நடுவில் அவளை அமர்த்திவிட்டு, இருபதாவது வரிசை நோக்கி நடந்தேன். அவள் கழுத்தைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அடுத்து நடைபாதையோரம் இருந்த இளைஞர் ஆறடிக்கு மேல் உயரம். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எவரும் கேளாமலே எழுந்தார். என் தோளைத் தொட்டு முன்னே அனுப்பிவிட்டு, எனக்குரியதாயிருந்த அந்த நடு ஆசனத்தில் முழங்கால்களை மடக்கிச் செருகிக்கொண்டார். இறங்கியபின் நன்றி சொல்லத் தேடினேன். கூட்டத்தில் அவரைக் காணவில்லை.

ஹூஸ்டனில் மைத்துனியின் மகன் இதையெல்லாம் கேட்டுச் சிரித்தான். அலுவல் காரணமாக வாரந்தோறும் பறப்பவன் அவன். ஒரு மாலை முழுவதும் எனக்குப் பாடம் நடத்தினான். கடிகாரத்தை வைத்துக்கொண்டு நிமிடம் தவறாமல் பதிய வேண்டும். கைப்பை சிறிதாக இருக்க வேண்டும். பின்னால் ஏறுகிறவருக்கு ஆசனம் கிடைத்தாலும், தலைக்கு மேலுள்ள பெட்டியில் இடம் கிடைக்காது. ஏறியவுடன் முன்வரிசைகளில் நின்று தேடுவது வீண். முதலில் வந்தவர்கள் அவற்றை நிரப்பியிருப்பார்கள். தயங்காமல் பின்பாதிக்கு நடந்தால், கழிப்பறை அருகே என்று பிறர் ஒதுக்கிய வரிசைகளில் இருவருக்குச் சேர்ந்தாற்போல் இடம் அகப்படும். அவசர வழியருகே கால் நீட்ட வசதியுண்டு. ஆனால் பதினைந்து வயது நிரம்பி, பணியாளர் சொல்வதைப் புரிந்து, ஆபத்தில் கதவைத் திறக்கக்கூடியவர்தாம் அங்கே அமரலாம். சின்னம்மாவுக்கு அது உதவாது என்றான். ஆறு வயதும் அதற்குக் குறைந்ததுமான பிள்ளைகளோடு வருபவர்களை ஏ பிரிவுக்கும் பி பிரிவுக்கும் இடையே ஏறவிடுவார்களாம்.

தந்திரங்களும் சொன்னான். கணவன் மனைவி இருவர் எனில், சன்னலோரம் ஒருவரும் நடைபாதையோரம் ஒருவரும் அமர்ந்து நடுவை வெறுமையாக விட்டால், அங்கே வந்து சிக்கிக்கொள்ள எவரும் விரும்பார். வருகிறவரை நோக்கி இருமுவாரும், கையில் கைக்குட்டைகளைக் குவித்துக்கொள்வாரும் உண்டாம். பக்கத்து ஆசனத்தில் சட்டையைப் போட்டு இடம் பிடிப்பதும் உண்டு. அதனைக் கூடும் என்றோ கூடாது என்றோ நிறுவனம் விதி செய்யவில்லை. ஆகவே துண்டுச் சண்டை அமெரிக்காவிலும் நடந்திருக்கிறது! நடக்க இயலாதவர்களை முதலில் ஏற்றும் ஏற்பாட்டைச் சிலர் கையாண்ட விதம்தான் வெட்கக்கேடு. சக்கர நாற்காலியில் வந்து ஏறுவார்கள்; இறங்கும்போது துள்ளி நடப்பார்கள். அங்குள்ளோர் இவற்றை அற்புத விமானங்கள் என்று கேலி பேசுவார்களாம். உண்மையிலேயே கால் இழந்தவர் அக்கேலியைக் கேட்க நேர்ந்தால் என்ன நினைப்பார் என்று எண்ணிப்பார்த்தேன்.

இந்த முறை இப்போது இல்லை. ஐரோப்பாவில் ஈஸிஜெட் 2012-லும், ரையன்ஏர் 2014-லும் கைவிட்டுவிட்டன. நம் நாட்டில் 2003-இல் கேப்டன் கோபிநாத் தொடங்கிய ஏர் டெக்கானும் எண் கொடுக்காமல்தான் பயணிகளை ஏற்றியது. ‘சூரரைப் போற்று’ படம் பார்த்தவர்களுக்கு அவர் கதை ஓரளவு தெரியும். அந்த நிறுவனமும் சில ஆண்டுகளில் வேறு கைக்குப் போய்ப் பெயரையும் இழந்தது. சவுத்வெஸ்ட் மட்டும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பிடிவாதமாக நின்றது. தன் பயணிகளில் நூற்றுக்கு 80 பேர் எண் உள்ள ஆசனத்தையே விரும்புகிறார்கள் என்று 2024-இல் அறிவித்துவிட்டு, 2026-ஆம் ஆண்டு ஜனவரி 27 முதல் அதுவும் எண் கொடுக்கத் தொடங்கிவிட்டது. பிள்ளைகளைப் பார்க்க அந்நாட்டுக்குச் செல்லும் நம் பெற்றோர்களுக்கு ஒரு வகையில் இது ஆறுதல். ஆயினும் முற்றிலும் கவலை ஒழிந்தது என்று எண்ணிவிட வேண்டாம். மலிவான சீட்டு வாங்கினால், பல விமானங்களில் ஆசனத்தை நிறுவனமே கடைசி வேளையில் ஒதுக்குகிறது. கணவன் ஒரு கோடியிலும் மனைவி மறுகோடியிலும் அமர நேர்கிறது. வருகைப் பதிவு திறந்தவுடன் பதிவது இன்றும் நல்லது. அப்படியும் பிரிந்துவிட்டால், விமானம் நகர்வதற்கு முன்பே பக்கத்தவரைப் பணிவோடு கேட்டுவிடுங்கள். நல்ல இடத்தை வைத்துக்கொண்டு அதைவிட மட்டமான இடத்தைப் பிறரிடம் கேட்டால் எவரும் மாறுவார். மட்டமான இடத்தை நீட்டி நல்லதைக் கேட்டால்தான் முகம் சுளிப்பார்.

நாங்கள் ஹூஸ்டனிலிருந்து திரும்பிய கதையைச் சொல்லாவிட்டால் கணக்குத் தீராது. மாலை 7 மணி 10 நிமிடத்துக்கு விமானம். முந்திய மாலை 7 மணி 10 நிமிடத்துக்குப் பேரப்பிள்ளையின் கணினி முன் அமர்ந்து நானே பதிந்தேன். ஏ பிரிவில் 56, 57. பாடம் கேட்டபடியே அவளைச் சன்னலோரம் அமர்த்தி, நான் நடைபாதையோரம் அமர்ந்து, நடுவை வெறுமையாக விட்டேன். ஏறியவர்கள் எங்களைக் கடந்து போனார்கள். கடைசியில் ஒரு தாயும் ஒன்பது வயது மதிக்கத்தக்க சிறுவனும் மூச்சிரைக்க வந்தார்கள். எங்கள் நடு ஆசனம் ஒன்று, வெகு பின்னால் மற்றொரு நடு ஆசனம் ஒன்று. வேறு இடமே இல்லை. தாயும் பிள்ளையும் சேர்ந்து அமர யாரேனும் மாறிக்கொள்ள முடியுமா என்று பணிப்பெண் ஒலிபெருக்கியில் கேட்டாள். ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. கடிகாரம் பார்த்துப் பதிந்தவன் நான், இவர்கள் ஏன் முன்கூட்டிப் பதியவில்லை என்று என் மனம் வழக்காடிக்கொண்டிருந்தது. முன் இருக்கைப் பையிலிருந்த பாதுகாப்பு அட்டையை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன்.

அறிவிப்பு என் மனைவியின் காதில் விழுந்திருக்க வழியில்லை, விழுந்தாலும் விளங்கியிராது. அவள் அந்தச் சிறுவனின் முகத்தை மட்டும் பார்த்தாள். “கொஞ்சம் காலை ஒதுக்குங்கள்” என்று என்னிடம் சொல்லிவிட்டு எழுந்தாள். சிறுவனைக் கையால் அழைத்துச் சன்னலோரத்தைக் காட்டினாள். பின்னே நடந்து, முன்பின் அறியாத இரண்டு ஆண்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டாள். அந்த ஒரு மணி நேரமும் தாய் என்னிடம் நாலைந்து முறை நன்றி சொன்னாள். எனக்கு அதை வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை.

டாலசில் இறங்கி வாசலருகே காத்து நின்றேன். கடைசியாக வந்தவர்களோடு அவளும் வந்தாள்.

“பையன் வெளியே பார்த்தானா?” என்று கேட்டாள்.

“பார்த்தான். வழியெல்லாம் விளக்குகளை எண்ணிக்கொண்டு வந்தான்.”

“நல்லது. உங்களுக்கு மறுபடியும் கால்வலி போலிருக்கிறது, அதனால்தான் எழவில்லை என்று நினைத்தேன். வலி தேவலையா?”

எனக்குக் கால்வலி ஏதும் இருக்கவில்லை. அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு நடந்தேன்.