வந்தவர்களைத் தன்னவர் ஆக்கிய சோழவந்தான்

மதுரைக்கு வடமேற்கே சுமார் 20 கிலோமீட்டரில், வைகைக் கரையில் இருக்கிறது சோழவந்தான். இங்கு வந்த சோழ மன்னன் செழிப்பைக் கண்டு மகிழ்ந்ததால் 'சோழன் உவந்தான்' என்ற பெயர் வந்ததாம். கல்வெட்டுப் பெயரோ 'சோழாந்தகச் சதுர்வேதிமங்கலம்'. சோழாந்தகன் என்றால் சோழனுக்கு எமன்! பகைப் பெயரை விருந்தாளிக் கதையாக மாற்றிக்கொண்டது ஊர்.

இங்குள்ள கொடிக்கால்களில் விளையும் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெற்றிலையின் பூர்வீகம் தென்கிழக்கு ஆசியா என்கிறார்கள் தாவரவியலாளர்கள். இன்று அது இல்லாமல் நம் வீட்டுக் கல்யாணம் உண்டா?

பக்கத்து மதுரையிலும் இதே கதைதான். நாயக்கர் காலத்தில் குடியேறிய சௌராஷ்டிர நெசவாளர்கள் இன்றும் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறார்கள். அந்தச் சமூகத்தில் பிறந்த டி.எம்.சௌந்தரராஜனின் தமிழ் உச்சரிப்புக்கு ஈடு ஏது?

ஆனால், எல்லோருக்கும் அந்த இடம் கிடைக்கவில்லை. 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்த இலங்கைத் தமிழர்கள் பலர் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் முகாம்களில் வசிக்கிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலருக்கும் குடியுரிமை இல்லை. 1987 ஜூலைக்குப் பின் இங்கு பிறந்தால் மட்டும் போதாது. பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்கிறது சட்டம்.

கடல் கடந்து வந்த கொடிக்குத் தன் பெயரையே கொடுத்த மண் இது. இந்தப் பிள்ளைகளுக்கும் 'சொந்த ஊர்' என்று சொல்ல ஓர் ஊர் வேண்டாமா?