மூடிய கதவுக்கு அப்பால்

எங்கள் இல்லத்தில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்ததே இல்லை. அதனால் பிள்ளைகள் பாதுகாப்பாக வளர்கிறார்கள் என்று பல்லாண்டுகள் பெருமை கொண்டிருந்தேன். பாடங்களுக்காக வாங்கித் தந்த கைபேசியின் வழியே உலகம் முழுவதும் வீட்டுக்குள் நுழைந்துவிட்டதை உணர எனக்கு ஒரு வார இறுதி தேவைப்பட்டது.

சென்னையில் பயிலும் என் சகோதரியின் மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பின், அந்த வாரம் புதிதாக வந்த படங்கள், தொடர்களின் பெயர்களை என் மகனுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தான். நான் சலித்துக்கொண்டேன்.

"மாமா, புதியவை கிடக்கட்டும். இந்த ஒன்றை மட்டும் நீங்கள் பார்க்க வேண்டும்" என்றான்.

அது, 2025 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் வெளியான 'அடோலசன்ஸ்' எனும் பிரிட்டிஷ் தொடர். நான்கே பகுதிகள். ஒவ்வொன்றும் இடையில் வெட்டின்றி ஒரே தொடர்ச்சியாகப் படமாக்கப்பட்டது. அதிகாலையில் காவலர்கள் கதவை உடைத்து 13 வயதுச் சிறுவனைக் கைது செய்கின்றனர். பள்ளி மாணவி ஒருத்தியைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. தந்தை குழாய்ப் பணி செய்யும் உழைப்பாளி. பிள்ளையை அடித்து வளர்த்தவரும் அல்லர். மகன் தன் அறையில்தானே இருக்கிறான் என்று நிம்மதியாக இருந்தவர். அந்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் இதைக் கட்டணமின்றிக் காட்டவும் வழி செய்யப்பட்டது.

வசைமொழிகள் நிறைந்த தொடர். சிறு பிள்ளைகளுக்கு உரியதன்று. இளைய மகள் உறங்கிய பின், 16 வயது மகனை அருகில் அமர்த்திக்கொண்டு பார்த்தேன்.

இரண்டாம் பகுதியில், மாணவர்கள் இணையத்தில் பதிந்த சிறு சின்னங்களின் பொருள் விசாரணை அதிகாரிக்கு விளங்கவில்லை. அதே பள்ளியில் பயிலும் அவருடைய மகனே தந்தைக்கு விளக்குகிறான். நட்பின் அடையாளம் என அவர் எண்ணியது கொடிய பரிகாசம்!

அவ்விடத்தில் நிறுத்தினேன். "உங்களுக்குள்ளும் இப்படி உண்டா?" என்று கேட்டேன். நெடுநேரம் மௌனமாக இருந்த மகன், தன் வகுப்புக் குழுவைத் திறந்து நீட்டினான். திக்கித் திக்கிப் பேசும் ஒரு மாணவனின் குரலை யாரோ பதிவு செய்து போட்டிருந்தனர். அதன் கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். அவற்றுள் ஒன்று என் மகனுடையது.

"நான் ஒன்றும் எழுதவில்லை வாப்பா. ஒரு சிரிப்பு மட்டும்தான் போட்டேன். அவன் ஒரு வாரமாகப் பள்ளிக்கு வருவதில்லை."

பரிகாசத்தையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் தடுக்கும் ஹுஜுராத் அத்தியாயத்தை ஆண்டுதோறும் மதரசாவில் போதிப்பவன் நான். ஒரு சிறு சின்னமும் பரிகாசமே என்பதை என் பிள்ளைக்குக்கூட உணர்த்தியிருக்கவில்லையே! கடிந்துகொள்ள நா எழவில்லை.

மறுநாள் லுஹருக்குப் பின் இருவரும் அம்மாணவனின் இல்லம் சென்றோம். என் மகன் மன்னிப்புக் கேட்டான். அந்தப் பிள்ளையின் முகம் உடனே மலர்ந்துவிடவில்லை. ஆயினும் வாசல்வரை வந்து எங்களை வழியனுப்பினான்.

பெற்றோர்களே! இத்தகைய தளங்கள் ஒவ்வொன்றையும் வயதுவாரியாக வகைப்படுத்த வேண்டும், 13 வயதுக்கு மேற்பட்டோருக்கானவற்றுக்குப் பூட்டு வசதி தர வேண்டும் என்று நம் நாட்டின் 2021ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. அந்தப் பூட்டைப் பயன்படுத்துங்கள். ஆனால் அதோடு கடமை முடிந்ததெனக் கருதிவிடாதீர்கள். பெட்டியே இல்லாத வீட்டில் நான் கண் மூடியிருந்தேன்.

இப்போதும் வெள்ளி இரவுகளில் புதிய பட்டியல் வருகிறது. அதைப் படிப்பது மகன், தேர்ந்தெடுப்பது இருவரும். பார்த்து முடித்த பின் கைபேசி கூடத்தில் உறங்குகிறது. நாங்கள் சற்று நேரம் பேசிக்கொண்டிருக்கிறோம்.