சொத்தா, செலவா?

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதை வாங்கினாலும் இது சொத்தா, செலவா என்று மனசு தானாகப் பேரேடு போட ஆரம்பித்துவிடும். மிக்ஸி சொத்து. சினிமா டிக்கெட் செலவு. கல்யாணத்துக்கு வைக்கிற மொய், பல சமயம் வராக்கடன்! வீடியோ கேமை மட்டும் எந்தப் பக்கம் எழுதுவது என்பதில்தான் ரொம்ப நாள் குழப்பம்.

பிளேஸ்டேஷன் 5-ல் புது ஆட்டம் ஒன்று 4,999 ரூபாய் வரை போகிறது. டிஸ்க்காகவும் வாங்கலாம், டவுன்லோடும் செய்யலாம். "டவுன்லோடே பண்ணிடுப்பா, வீட்டை விட்டு நகர வேணாம்" என்றான் ஆபீஸ் நண்பன். அவன் சென்னைவாசி. நான் கிள்ளை. பெரிய ஆட்டங்கள் பல 100 ஜி.பி.யைத் தொடுகின்றன. என் செல்போனில் தினம் 2 ஜி.பி.தான். ஆக, ஐம்பது நாள்! அதற்குள் பிச்சாவரம் சுரபுன்னை மரத்தில் புது விழுதே இறங்கிவிடும்.

அது கூடப் போகட்டும். என் அண்ணன் துபாய் போனபோது எட்டு டிஸ்க்கை விட்டுப் போனான். மூன்றை சிதம்பரம் நண்பரிடம் பாதி விலைக்குத் தள்ளினேன். மீதி அக்கா பையனிடம். "மாமா, இதை முடிச்சுட்டேன், அடுத்தது குடுங்க" என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து நிற்கிறான். அண்ணன் டவுன்லோடு செய்திருந்த ஆட்டங்களோ, அவன் பாஸ்வேர்டோடு பிளேன் ஏறிவிட்டன. அங்கே புது மெஷின் வாங்கி அக்கவுண்ட்டை அதற்கு மாற்றிக்கொண்டான். இங்கே எல்லாம் பூட்டு!

விஷயம் இதுதான். டவுன்லோடில் நமக்குக் கிடைப்பது பொருள் இல்லை, விளையாட அனுமதி. 2009-ல் அமேசான், ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலை, காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில் கருவியிலிருந்தே அழித்தது. பணம் திரும்பி வந்தது. புத்தகம் போயே போச்சு. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், 'இது வெறும் லைசென்ஸ்தான்' என்று வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று சட்டமே அமலுக்கு வந்திருக்கிறது.

2013-ல் மைக்ரோசாஃப்ட், எக்ஸ்பாக்ஸ் ஒன் டிஸ்க்கைக் கைமாற்றக் கட்டுப்பாடு போடப் பார்த்தது. உடனே சோனி ஒரு குட்டி வீடியோ விட்டது. ஒருவர் டிஸ்க்கை நீட்டுகிறார், மற்றவர் வாங்கிக்கொள்கிறார். அவ்வளவுதான் படம்! அதே ஜூன் மாதமே மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது.

அதற்காக டிஸ்க் எல்லாம் உத்தமர் என்று சொல்ல மாட்டேன். 'தி க்ரூ' என்ற கார் பந்தய ஆட்டத்தின் சர்வரை 2024 மார்ச்சில் யூபிசாஃப்ட் நிறுத்தியது. இன்டர்நெட் இல்லாமல் ஓடாத ஆட்டம் என்பதால் டிஸ்க் வைத்திருந்தவருக்கும் பட்டை நாமம். 2025-ல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கு விற்கிற சில கார்டுகளில் ஆட்டமே கிடையாது. கார்டைச் செருகிவிட்டு டவுன்லோடு செய்ய வேண்டும். பெட்டி நிஜம், உள்ளே சாவி மட்டும்!

டவுன்லோடுக்கும் நியாயம் உண்டு. கீறல் விழாது. கடைக்கு அலைய வேண்டாம். தள்ளுபடி சமயத்தில் பாதிக்கும் கீழே விலை இறங்கும்.

எனவே சம்பளக்கார சகோதரர்களுக்கு என் கணக்கு இது. விற்க முடியுமா? இரவல் தர முடியுமா? இன்டர்நெட் இல்லாமல் ஓடுமா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் சொத்து. முழு விலை கொடுக்கலாம். இல்லை என்றால் அது சினிமா டிக்கெட். டிக்கெட்டுக்கு யாராவது 4,999 கொடுப்பார்களா சார்?