2880-ஐ 120-ஆல் வகுத்தா என்ன வரும்?

கால்குலேட்டரைத் தேடாதீங்க மக்களே, விடை 24. ஸ்கூல் படிக்கிற தம்பி கூட போட்டுடுவான். ஆனா இந்த ஒரு வகுத்தல் கணக்கு இல்லைனா, நாம நைட்டு தூங்காம ஹைலைட்ஸ் பார்க்கிற என்.பி.ஏ. இன்னைக்கு இருந்திருக்குமாங்கிறதே சந்தேகம்தான்.

"என்.பி.ஏ. வரலாற்றுலயே பெஸ்ட் சீசன் எது?"ன்னு எங்க ஹாஸ்டல்ல கேட்டுப் பாருங்க. ஜோர்டன் டீம் 72 மேட்ச் ஜெயிச்ச 1995-96-ன்னு ஒரு கும்பல் கிளம்பும். இல்ல, கர்ரி டீம் 73 ஜெயிச்ச 2015-16 தான்னு இன்னொரு கும்பல் எதிர்த்து நிக்கும். என் ஓட்டு ரெண்டுக்கும் இல்லை. நம்ம தாத்தாக்கள் டவுசர் போட்டுத் திரிஞ்ச காலத்துல நடந்த 1954-55 சீசனுக்குத்தான். ஏன்னு சொல்றேன், கேளுங்க.

முதல்ல பிரச்சினையைப் பார்ப்போம். அப்போ பந்து கையில இருந்தா எவ்வளவு நேரம் வேணாலும் வெச்சிருக்கலாம். ஷாட் போட்டே ஆகணும்னு எந்த விதியும் கிடையாது. 1950 நவம்பர் 22 அன்னைக்கு ஃபோர்ட் வெயின் பிஸ்டன்ஸ் டீம், மினியாபோலிஸ் லேக்கர்ஸோட மோதப் போச்சு. லேக்கர்ஸ்ல ஜார்ஜ் மைக்கன்னு ஒரு மலை மாதிரி ஆள் இருந்தார். உயரம் 6 அடி 10 அங்குலம். நேருக்கு நேர் ஆடினா தோல்வி உறுதி. அதனால பிஸ்டன்ஸ் என்ன பண்ணாங்க தெரியுமா? பந்தைக் கையில வெச்சுக்கிட்டு சும்மா நின்னாங்க. பாஸ், நிக்கிறது, மறுபடி பாஸ். காசு குடுத்து உள்ளே வந்த ஜனங்க கத்தித் தீர்த்தாங்க. கடைசி குவார்ட்டர்ல ரெண்டு டீமும் சேர்ந்து எடுத்தது மொத்தம் 4 பாயிண்ட். மேட்ச் முடிஞ்சப்போ ஸ்கோர் 19-18, பிஸ்டன்ஸ் வெற்றி. லேக்கர்ஸோட 18-ல 15 மைக்கன் போட்டது. என்.பி.ஏ. வரலாற்றுலயே குறைஞ்ச ஸ்கோர் இன்னைக்கு வரைக்கும் இதுதான்.

இன்னொரு கொடுமையும் இருந்துச்சு. லீடிங்ல இருக்கிற டீம் பந்தைப் பிடிச்சு வெச்சா, தோத்துக்கிட்டு இருக்கிற டீமுக்கு ஒரே வழி, ஃபவுல் பண்றதுதான். அவன் ஃப்ரீ த்ரோ போடுவான், பந்து நம்ம கைக்கு வரும். உடனே அவனும் நம்மளை ஃபவுல் பண்ணுவான். 1953 பிளேஆஃப்ல பாஸ்டன் செல்டிக்ஸ், சிரக்யூஸ் நேஷனல்ஸ் மேட்ச் நாலு ஓவர்டைம் போச்சு. பாப் கூசி 50 பாயிண்ட் எடுத்தார். கேட்கவே கெத்தா இருக்குல்ல? அதுல 30 பாயிண்ட் ஃப்ரீ த்ரோ! பாஸ்கெட்பால் பார்க்க வந்தவன், ஆளுங்க வரிசையா கோட்டுல நின்னு பந்து எறியறதைப் பார்த்துட்டு வீட்டுக்குப் போனான்.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிங்க. பந்தைப் பிடிச்சு வெச்சவங்க யாரும் கெட்டவங்க இல்லை. விதி அனுமதிச்சது, ஜெயிக்க அதுதான் சுலபமான வழி, செஞ்சாங்க. ஒவ்வொரு டீமும் தனக்குச் சரியானதைத்தான் செஞ்சுச்சு. ஆனா எல்லாரும் அதையே செஞ்சதால ஆட்டம் செத்துக்கிட்டு இருந்துச்சு. "கொஞ்சம் நல்லா ஆடுங்கப்பா"ன்னு அறிவுரை சொல்லி இதைச் சரி பண்ண முடியாது.

அப்போதான் வர்றார் நம்ம ஹீரோ டேனி பயசோன். இத்தாலியில பிறந்து, சின்ன வயசுல அமெரிக்கா வந்தவர். சிரக்யூஸ்ல ஒரு பவுலிங் சென்டர் நடத்தினார். கிரிக்கெட் பவுலிங் இல்லீங்க, மால்ல கனமான உருண்டையை உருட்டிவிட்டு பத்து பின்னைச் சாய்ப்போமே, அது. சிரக்யூஸ் நேஷனல்ஸ் டீமோட ஓனரும் அவர்தான்.

அவர் போட்ட கணக்கு ரொம்ப எளிமை. எனக்கு ரசிச்சுப் பார்க்க முடிஞ்ச மேட்ச்கள்ல என்ன நடந்துச்சு? ஒரு டீம் சுமார் 60 ஷாட் போட்டுச்சு. ரெண்டு டீமுக்கும் சேர்த்து 120. மேட்ச் 48 நிமிஷம், அதாவது 2880 செகண்ட். வகுத்தா 24. அப்போ ஒவ்வொரு டீமும் 24 செகண்டுக்குள்ள ஷாட் போட்டே ஆகணும்னு வெச்சா, எல்லா மேட்சும் அந்த நல்ல மேட்ச் மாதிரி ஓடும். இந்தக் கணக்குல அதே டீமோட ஜெனரல் மேனேஜர் லியோ ஃபெரிஸுக்குப் பெரிய பங்கு உண்டுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. யார் போட்டிருந்தாலும், இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு இது ஒரு பாடம். தியரியில இருந்து ஆரம்பிக்கல. நல்லா ஓடின மெஷினை அளந்தாங்க, அந்த அளவையே விதியாக்கிட்டாங்க.

1954 ஆகஸ்ட்ல சிரக்யூஸ்ல இருந்த ஒரு ஸ்கூல் ஜிம்ல, மத்த ஓனர்கள் முன்னாடி ஒரு சோதனை ஆட்டம் நடந்துச்சு. அந்த சீசன்லயே ஷாட் கிளாக் அமலுக்கு வந்துடுச்சு. கூடவே இன்னொரு விதி: ஒரு குவார்ட்டர்ல ஒரு டீமுக்கு ஆறு ஃபவுல் வரைக்கும்தான். அதுக்கு மேல போனா எதிர் டீமுக்கு கூடுதல் ஃப்ரீ த்ரோ. இது முக்கியம். கிளாக்கை மட்டும் வெச்சிருந்தா, ஃபவுல் பண்ணியே ஆட்டத்தைக் கெடுத்திருப்பாங்க. ஒரு ஓட்டையை அடைச்சா தண்ணி அடுத்த ஓட்டை வழியா வரும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

அக்டோபர் 30, கிளாக்கோட நடந்த முதல் மேட்ச்: ரோச்செஸ்டர் 98, பாஸ்டன் 95. முந்தின சீசன்ல ஒரு டீமோட சராசரி ஸ்கோர் 79.5. இந்த சீசன்ல 93.1. ஒரே வருஷத்துல!

இந்த நம்பர்களை விட எனக்கு வேற ஒண்ணு பிடிச்சிருக்கு. அதுக்கு எங்க கிரவுண்டுக்கு ஒரு நிமிஷம் வாங்க. எங்க காலேஜ் கோர்ட்டுல ஷாட் கிளாக் கிடையாது. சாயங்கால மேட்ச்ல நாலு பாயிண்ட் லீடிங் வந்துட்டா போதும், கடைசி அஞ்சு நிமிஷம் சீனியர் அண்ணன்கள் மூணு பேருக்குள்ளயே பந்து சுத்தும். ரெண்டாம் வருஷ தம்பி ஒருத்தன் கார்னர்ல கையைத் தூக்கிக்கிட்டே நிப்பான். பந்து வரவே வராது. பயசோன் கதையைப் படிச்சப்புறம், போன செமஸ்டர்ல ஒரு மொபைல் ஸ்டாப்வாட்சை வெச்சு, வெளிய உட்கார்ந்திருக்கிறவன் சத்தமா எண்ணணும்னு முடிவு பண்ணோம். "பத்து... அஞ்சு... நாலு..." முதல் நாள் ஒரே களேபரம். பந்து போர்டைத் தாண்டி செவுத்துக்கு அந்தப் பக்கம் போச்சு. ஒரு வாரம் கழிச்சுப் பார்த்தா, மூணு செகண்ட் இருக்கும்போது அண்ணன்களை ரெண்டு ரெண்டு பேர் மறிச்சு நின்னாங்க. வேற வழியில்லாம பந்து கார்னருக்குப் போச்சு. தம்பி போட்டான். உள்ள! அண்ணன்கள் மனசு மாறி பாஸ் குடுக்கல. நேரம் முடியப் போகுதேன்னுதான் குடுத்தாங்க. ஆனா அடுத்த மேட்ச்ல இருந்து அவனைத் தேடியே குடுக்க ஆரம்பிச்சாங்க. கிளாக் இல்லைனா அவனுக்கு ஷாட் வரும்னு யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?

சரி, மறுபடி 1955-க்குப் போவோம். ஃபைனல்ஸ்ல பயசோனோட சிரக்யூஸுக்கு எதிரே யாரு? அதே ஃபோர்ட் வெயின் பிஸ்டன்ஸ், 19-18 புகழ்! இதுல ஒரு காமெடி. அந்த நேரத்துல ஃபோர்ட் வெயின் அரங்கத்தை ஒரு பவுலிங் போட்டிக்கு புக் பண்ணிட்டாங்க. பிஸ்டன்ஸ் தங்களோட ஹோம் மேட்ச்களை இண்டியானாபோலிஸ்ல போய் ஆட வேண்டியதாச்சு. பவுலிங் சென்டர் ஓனருக்கு பவுலிங்கே உதவி!

மூணுக்கு மூணு சமம். ஏப்ரல் 10, ஏழாவது மேட்ச், சிரக்யூஸ்ல. ரெண்டாவது குவார்ட்டர்ல பிஸ்டன்ஸ் 17 பாயிண்ட் முன்னாடி. பழைய விதியா இருந்தா பந்தைப் பிடிச்சு வெச்சு கதையை முடிச்சிருப்பாங்க. இப்போ முடியாது. ஷாட் போட்டே ஆகணும், போட்டா தவறும், தவறினா சிரக்யூஸுக்குப் பந்து. கொஞ்சம் கொஞ்சமா நெருங்கி, கடைசி 12 செகண்ட் இருக்கும்போது ஜார்ஜ் கிங் ஒரு ஃப்ரீ த்ரோவை உள்ள போட்டார். பிஸ்டன்ஸோட கடைசி முயற்சியில பந்தைப் பறிச்சதும் அவரேதான். 92-91. சிரக்யூஸ் சாம்பியன். அந்த டீம்ல இருந்த ஏர்ல் லாய்டும் ஜிம் டக்கரும்தான் என்.பி.ஏ. பட்டம் ஜெயிச்ச முதல் கறுப்பின வீரர்கள்.

எல்லாருக்கும் சுபம் போட்டு முடிக்க முடியாது. கிளாக் வந்த அதே சீசன்ல, 14 மேட்ச் ஆடின நிலையில பால்டிமோர் புல்லட்ஸ் டீம் இழுத்து மூடப்பட்டுச்சு. மிச்சம் எட்டு டீம். ஆனா அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் ஒரு என்.பி.ஏ. டீம் கூட மூடப்படல. அந்த எட்டும் இப்பவும் ஆடிக்கிட்டு இருக்கு. ஆனா அதே ஊர்ல இருக்கிறது நியூயார்க்கும் பாஸ்டனும் மட்டும்தான். லீக் வளர வளர, சின்ன ஊர் டீம்கள் எல்லாம் பெரிய ஊரைத் தேடிக் கிளம்பிடுச்சு. 1963-ல பயசோனும் டீமை வித்துட்டார். நேஷனல்ஸ், ஃபிலடெல்ஃபியா 76ers ஆச்சு... மன்னிக்கணும், நம்ம பாஷையில செவன்ட்டி சிக்ஸர்ஸ்.

அந்த மனுஷன் 1992-ல இறந்தார். ஹால் ஆஃப் ஃபேம்ல பேர் ஏறினது 2000-ல. ஆட்டத்தைக் காப்பாத்தின விதியால ஆட்டம் வளர்ந்துச்சு, வளர்ந்த ஆட்டத்துக்கு அவரோட ஊர் பத்தாமப் போச்சு. சிரக்யூஸ்ல இப்போ என்.பி.ஏ. டீம் இல்லை. அதுக்குப் பதிலா ஊர் நடுவுல ஒரு ஷாட் கிளாக்கையே நினைவுச்சின்னமா நிறுத்தி வெச்சிருக்காங்க. 24-ல இருந்து இறங்கி பூஜ்யத்துக்கு வரும், திரும்ப 24-க்குப் போகும்.