தினமும் இதேதானா சார்?



போன மாதம் பேரன் எடுத்துப் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "சார், ரொம்ப இளைச்சுட்டீங்களே, சுகர் எதுவும் இருக்கா?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போட்டு விரல் வலித்ததுதான் மிச்சம். அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுகர் இல்லை. பிரஷர் மட்டும் கொஞ்சம் உண்டு. எடை ஆறு கிலோ குறைந்தது உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் நோய் இல்லை. ரசம்.

சிரிக்காதீர்கள். முழுதும் படியுங்கள். கடைசியில் உங்களில் சிலரிடம் எனக்கு ஒரு வேலையும் இருக்கிறது.

என் மனைவி போய் வருகிற ஐப்பசியோடு இரண்டு வருடம் ஆகிறது. உங்களில் பலர் வந்திருந்தீர்கள். மகள் கோயம்புத்தூருக்கு வந்துவிடச் சொல்கிறாள். எனக்குத்தான் ராமநாதபுரத்தை விட்டுக் கிளம்ப மனம் வரவில்லை. "நானே சமைத்துக்கொள்வேன்" என்று வீம்பாகச் சொல்லிவிட்டேன். மகள் போனிலேயே மூன்று விஷயம் சொல்லிக்கொடுத்தாள்: குக்கரில் சோறு, பருப்பு ரசம், உருளைக்கிழங்கு வறுவல். நானும் நல்ல மாணவனாகக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதோடு நிறுத்தியும் கொண்டேன். சோறு, ரசம், உருளைக்கிழங்கு. மறுநாள் சோறு, ரசம், உருளைக்கிழங்கு. ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது.

சாப்பாட்டின் அளவு எப்போது குறைய ஆரம்பித்தது என்றே எனக்குத் தெரியவில்லை. முதலில் இரண்டாவது முறை சோறு போட்டுக்கொள்வது நின்றது. பிறகு முதல் முறை போட்டதிலேயே பாதி மிஞ்சியது. மாசி மாதத்தில் ஒரு நாள் மதியம், இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, மீதியைக் கொல்லைச் சுவரில் காக்கைக்கு வைத்துவிட்டேன். குழாயடியில் தட்டைக் கழுவும்போது ஒரு பையனின் குரல் காதில் கேட்டது.

"தினமும் இதேதானா சார்?"

அந்தக் குரல் 1994ஆம் வருடத்தது. மண்டபம் பக்கத்தில் நான் வேலை பார்த்த நடுநிலைப் பள்ளி. அங்கே படித்த உங்களுக்கு அந்தச் சத்துணவுக் கூடமும், பின்னால் கிணற்றடியில் நின்ற முருங்கை மரமும் நினைவிருக்கும். இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: 1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. அதற்கு முன்பு 1956இல் காமராசர் காலத்தில் வந்தது மதிய உணவு. நான் அந்த மதிய உணவைச் சாப்பிட்டுப் படித்தவன். அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு. அந்த நன்றிதான் அன்றைக்கு என்னைத் தவறு செய்யவும் வைத்தது.

அப்போது சத்துணவு என்றால் சோறும் சாம்பாரும்தான். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் அரிசி, 15 கிராம் பருப்பு என்று அளவு. நூறு பிள்ளைகள் என்றால் 10 கிலோ அரிசிக்கு ஒன்றரைக் கிலோ பருப்பு. கணக்கு வாத்தியார் சொல்கிறேன், நம்புங்கள், அது தண்ணீர்ச் சாம்பார்தான். முட்டை இப்போது மாதிரி எல்லா நாளும் கிடையாது. அங்கே படித்தவர்களில் பாதிக்கு மேல் கடலுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். வீட்டில் மீன் குழம்புக்குப் பழகிய நாக்கு.

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், தட்டில் இருந்த சாம்பார் சோற்றை அப்படியே முருங்கை மரத்தடியில் கொட்டுவதை நான் பார்த்துவிட்டேன். கூப்பிட்டுக் கேட்டேன். அவன் பயப்படாமல், கேலியும் இல்லாமல், சாதாரணமாகத்தான் சொன்னான்: "தினமும் இதேதானா சார்?"

எனக்கு வந்த கோபத்தை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவனை எல்லோர் முன்னாலும் முட்டிபோட வைத்தேன். சோற்றின் அருமை, பசியின் கொடுமை, நான் படித்த கதை எல்லாவற்றையும் அரை மணி நேரம் பேசினேன். மறுநாளிலிருந்து அவன் சாப்பாட்டு வரிசைக்கே வரவில்லை.

நான்கு நாள் கழித்து, சத்துணவு சமைக்கும் ஆயாதான் என்னிடம் வந்தார். "சார், அந்தப் பய நாலு நாளா மத்தியானம் பட்டினி. அவங்க வீட்டுல ராத்திரிதான் உலை வைக்கிறாங்க. கொழுப்பெடுத்துக் கொட்டலை சார். ஆக்கிப் போடுற எனக்கே அலுத்துப்போச்சு, அவனுக்கு அலுக்காதா?"

நான் பதில் சொல்லவில்லை. என்ன சொல்வது? ஆயாவும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து அவர் செய்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். அரிசி அதே அரிசி. பருப்பு அதே ஒன்றரைக் கிலோ. ஒரு நாள் பருப்பைக் கரைத்து எப்போதும் போலச் சாம்பார். ஒரு நாள் பருப்பைக் கெட்டியாகக் கடைந்து, கிணற்றடி முருங்கைக் கீரையைப் போட்டு, மேலே பூண்டு தட்டிப்போட்டுத் தாளித்தார். ஒரு நாள் பருப்பு வெந்த தண்ணீரை ரசமாக்கி, பருப்பைத் தனியே சுண்டலாக்கினார். ஒரு நாள் தன் வீட்டுப் புளியைக் கொண்டுவந்து புளிச்சோறு கிளறினார். வறுத்துப்போட்ட முண்டு மிளகாயின் வாசனை, வகுப்பில் நான் பின்னம் நடத்திக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாக வந்தது. அதற்குமேல் பின்னம் யார் காதில் ஏறும்?

"சோறு ஒண்ணுதான் சார். தாளிப்பை மாத்துனா நாளே மாறிப்போயிரும்" என்றார். அந்தப் பையன் வரிசைக்குத் திரும்பி வந்தான். என்னிடம் மட்டும் அவன் பேசவில்லை.

பின்னால் அரசாங்கமே இதைச் செய்தது. 2013இல் சோதனையாகத் தொடங்கி, 2014இல் மாநிலம் முழுவதும் சத்துணவில் கலவைச் சாதங்கள் வந்தன. தக்காளி சாதம், புளி சாதம், எலுமிச்சை சாதம், கறிவேப்பிலை சாதம், கொண்டைக்கடலை புலாவ் என்று ஒவ்வொரு நாளும் ஒன்று. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்திலும் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்றாகத்தான் பட்டியல். அந்தச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் நான் ஆயாவை நினைத்துக்கொள்வேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன். தட்டைக் கழுவிய அன்று சாயங்காலமே நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். ஆயா செய்ததைக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். சோறும் பருப்பும் மாறாது. மாற்றக்கூடியவை மூன்று.

புளிப்பு நான்கு: புளி, எலுமிச்சை, தக்காளி, மோர்.

தாளிப்பு மூன்று: கடுகு, உளுந்து, முண்டு மிளகாய் ஒன்று. நெய்யில் மிளகு, சீரகம் ஒன்று. நல்லெண்ணெயில் பூண்டு, சின்ன வெங்காயம் ஒன்று.

வெஞ்சனம் நான்கு: கீரை, காய், துவையல், வத்தல்.

நான்கு, மூன்று, நான்கு. பெருக்கினால் 48. நாற்பத்தெட்டு நாள், ஒரு மண்டலம்! ஒரே சோற்றையும் பருப்பையும் வைத்து ஒரு மண்டலத்துக்கு ஒரு நாள் சாப்பாடு மறுநாள் வராது. கணக்குப் போட்டு முடித்ததும், முப்பத்தாறு வருடம் என் தட்டில் இந்தக் கணக்கை யார் போட்டுக்கொண்டிருந்தார் என்பது உறைத்தது. என் சம்பளத்தில் அவள் என்ன பெரிதாக வாங்கிச் சமைத்திருக்க முடியும்? அதே பருப்புதான். ஆனால் ஒரு நாளும் எனக்கு அலுத்ததில்லை. நான் அவளிடம் சாப்பாட்டைப் பற்றிப் பேசியதெல்லாம் "உப்பு கொஞ்சம் கம்மி" என்பது மட்டும்தான். கல்யாணமான பையன்கள் இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

இப்போது நான் செய்வதில் சிலவற்றைச் சொல்கிறேன். துபாய், சிங்கப்பூர் அறைகளில் தனியாகச் சமைக்கும் பிள்ளைகளுக்கு உதவும்.

முதலில் மிளகாய். நம் ஊர் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரியும். உருண்டையாக, தோல் தடித்து இருக்கும். ஊருக்கு வரும்போது கால் கிலோ வாங்கிப் போங்கள். தயிர்ச் சோற்றில் இரண்டு மிளகாயைத் தாளித்துப் பிசைந்தால் அன்றைக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அடுத்தது வேலியில் சும்மா கிடப்பவை. பிரண்டைத் துவையல் செய்ய ஆசைப்பட்டு, கையில் எண்ணெய் தடவாமல் நார் உரித்தேன். சரியாக வதக்காமல் அரைத்தும் விட்டேன். கை ஒரு பக்கம், தொண்டை ஒரு பக்கம் அரித்து, ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. எதிர்வீட்டு அக்காள் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொடுத்தார்: இளம் பிரண்டையாகப் பறிக்க வேண்டும், கணுவை நீக்க வேண்டும், நல்லெண்ணெயில் நிறம் மாறும்வரை வதக்க வேண்டும், புளியைத் தாராளமாக வைக்க வேண்டும். இப்போது அரிப்பு இல்லை.

பிறகு பருவம். நாம் பட்டணத்துக் கடைக்குப் போய் வருடம் முழுக்கக் கேரட், பீன்ஸ் வாங்குகிறோம். நம் மண் மாதத்துக்கு ஒன்று தருகிறது. மழை பெய்ததும் கமுதி, முதுகுளத்தூர் பக்கத்திலிருந்து அதலைக்காய் சந்தைக்கு வரும். பாகற்காய்க்குத் தம்பி மாதிரி கசக்கும். வாங்கிய அன்றே சமைத்துவிட வேண்டும், வைத்திருந்தால் வெடித்துவிடும். வெங்காயம் நிறையப் போட்டு வதக்கினால் ரசச் சோற்றுக்கு அதைவிடத் துணை இல்லை. தை மாதம் பனங்கிழங்கு. வேகவைத்து, நார் எடுத்து, மிளகும் பூண்டும் உப்பும் சேர்த்து இடித்தால் ஒரு வேளைப் பலகாரம். சித்திரையில் வேப்பம்பூவும் மாங்காயும். பூவைக் காயவைத்து டப்பாவில் போட்டுவிட்டால் வருடம் முழுக்க ரசத்துக்கு ஆகும். மிதுக்கு வத்தல், சுண்டை வத்தல் வீட்டில் இருந்தால் காய் இல்லாத நாளும் கவலை இல்லை. ஆனால் வத்தல், அப்பளம், ஊறுகாய் மூன்றிலும் உப்பு அதிகம். என்னைப் போல் பிரஷர் உள்ளவர்கள் ஒரு நாளைக்கு ஒன்றோடு நிறுத்துங்கள்.

கடலும் சைவம் தரும். மண்டபம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்துதான் கடல்பாசி தயாராகிறது. நோன்பு மாதத்தில் கீழக்கரை மாணவி ஒருத்தி அதைப் பாலில் காய்ச்சி, குளிரவைத்து, துண்டு போட்டுக் கொடுத்துவிடுவாள். இந்த வருடம் நானே காய்ச்சினேன். இறுகியது. அதுவே எனக்குப் பெரிய வெற்றி.

நம் ராமேஸ்வரத்துக் கலாம் ஐயா 'அக்னிச் சிறகுகள்' நூலில், சின்ன வயதில் அம்மாவோடு சமையலறைத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டதை எழுதியிருக்கிறார். வாழை இலை, சோறு, சாம்பார், வீட்டில் போட்ட ஊறுகாய் வகைகள், தேங்காய்ச் சட்னி. அவ்வளவுதான். பெரிய விருந்து இல்லை. ஆனால் அத்தனை வயதிலும் இலையில் எது எது இருந்தது என்று அவருக்கு நினைவிருந்தது. வகுப்பில் அந்தப் பக்கத்தை வாசிக்கும்போது நான் அவருடைய விஞ்ஞானத்தைப் பற்றித்தான் பேசியிருக்கிறேன். அந்த இலையைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

எடை இரண்டு கிலோ ஏறியிருக்கிறது. மகளுக்கும் மகிழ்ச்சி. தினமும் மத்தியானம் தட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்பது அவள் உத்தரவு. வீட்டுப்பாடம் மாதிரி தவறாமல் அனுப்புகிறேன். மதிப்பெண்ணும் போடுகிறாள்.

இனி அந்த வேலை. 1994இல் மண்டபம் பக்கத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். பெயரை இங்கே எழுதவில்லை. அவன் எட்டாவது முடிக்காமலே வள்ளத்தில் போக ஆரம்பித்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு பார்க்கவில்லை. இப்போது அவனுக்கு நாற்பது வயதைத் தாண்டியிருக்கும், அவன் பிள்ளைகளும் பள்ளிக்குப் போய் முடித்திருக்கலாம். உங்களில் யாருக்காவது அவன் இருக்கும் இடம் தெரிந்தால் என் நம்பரைக் கொடுங்கள். அவன் பேச விரும்பாவிட்டால் கட்டாயப்படுத்த வேண்டாம். இதை மட்டும் சொல்லிவிடுங்கள்:

"தம்பி, நீ கேட்டது நியாயமான கேள்வி. முட்டிபோட வைத்தது என் தப்பு. முப்பது வருடம் கழித்து, அதே தட்டு என் முன்னால் வந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு நாள் வீட்டுக்கு வா. புளிச்சோறு கிளறி வைக்கிறேன்."

மற்றவர்கள் உங்கள் வீட்டில் அம்மா, ஆச்சி, அப்பத்தா செய்யும் எளிய வெஞ்சனம் ஒன்றைக் கீழே எழுதுங்கள். என் 48ஐ 60 ஆக்க வேண்டும். எழுதும் முன் அவர்களிடம் போய்க் கேட்டு எழுதுங்கள். கேட்டதற்கே மகிழ்ந்துபோவார்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்
ராமநாதபுரம்