கன்னியாவில் ஏழு கிணறு

ஆறில்லாத குடாநாட்டில் பிறந்தவர்களுக்குத் தண்ணீர் என்றால் கிணறுதான். மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால், யாழ்ப்பாணத்தில் குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் எல்லாம் கிணற்றை நம்பித்தான். எந்த ஊர்க் கிணறு நல்ல தண்ணி, எது சவர் என்பது சின்ன வயதிலேயே நாக்குக்குத் தெரிந்துவிடும். எங்கள் ஆட்கள் திருகோணமலைக்கு வான் பிடித்துப் போனால், கோணேசர் கோயிலுக்கும் நிலாவெளிக் கடலுக்கும் முன்னால் கன்னியாவில் இறங்க வேண்டும் என்று நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கிணற்றை எங்களுக்குத் தெரியும். சுடுகிற கிணறு எங்களிடம் இல்லை.

விடியமுன் புறப்பட்டால் ஆனையிறவில் வெளிக்கும். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு, வவுனியாவில் தேத்தண்ணி குடித்து, அங்கிருந்து ஹொறவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை வீதியைப் பிடிக்க வேண்டும். எல்லாமாக இருநூறு கிலோமீற்றருக்கு மேல். இந்தப் பக்கத்தால் வந்தால் நகரத்துக்கு ஏறக்குறைய 8 கிலோமீற்றர் இருக்கும்போதே கன்னியா வந்துவிடும். வழி நெடுக நான் பார்த்துக்கொண்டு வருவது நிலத்தை. வவுனியாவுக்குக் கிட்டக் கிட்டக் கரும்பாறை மண்ணுக்கு வெளியே தலைகாட்டத் தொடங்கும். ஹொறவப்பொத்தானை தாண்டினால் பாறை, காடு, குளம், திரும்பவும் பாறை. சுண்ணக்கல்லில் வளர்ந்த எங்களுக்கு அது வேறு நாடு. வெந்நீரின் கதையும் அந்தக் கல்லில்தான் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தின் அடியில் கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். கடலடியில் படிந்து மேலே வந்தது. மழைநீர் அதைக் கரைத்துப் பொந்தும் குகையும் செய்துகொண்டு உள்ளே ஓடுகிறது. நிலாவரையின் ஆழக்கிணறும், கடலோரத்தில் ஊறும் கீரிமலைக் கேணியும் அப்படி உண்டானவைதான். நிலாவரையில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உவர். கடல் கீழால் வந்து சேர்ந்துவிடுகிறது. ஆழம் என்றால் எங்கள் ஊரில் கடல் குறுக்கிடும் இடம்வரைதான். கன்னியாவின் ஆழம் வேறு கணக்கு.

கன்னியாவில் கையை வைத்துவிட்டு, கீழே நெருப்புக் குழம்பு இருக்கிறதா என்று கேட்காத பிள்ளை இல்லை. இலங்கையில் எரிமலை கிடையாது. பூமிக்குள் இறங்க இறங்கச் சூடு கூடும். பொதுவாக ஒரு கிலோமீற்றருக்கு 25 முதல் 30 பாகை செல்சியஸ். மழைநீர் பாறை வெடிப்புகளால் கீழே இறங்கி, அங்கே நெடுங்காலம் கிடந்து சூடேறி, இன்னொரு வெடிப்பு வழியாக, முழுதும் ஆறுவதற்குள் மேலே வந்துவிடுகிறது. கன்னியா நீரின் சூடு 40 பாகையை ஒட்டியது. குடாநாட்டுக் கிணற்று நீர் 28 பாகை அளவில் இருக்கும். அந்த 12 பாகை கூடுவதற்கே நானூறு, ஐந்நூறு மீற்றர் ஆழம் வேண்டும். வரும் வழியில் ஆறுவதையும் மேல்நிலத்துக் குளிர்நீர் கலப்பதையும் சேர்த்துப் பார்த்தால், உண்மையில் அதையும் தாண்டித்தான் போய் வந்திருக்கும். என்றோ பெய்த மழையைத்தான் வாளியில் அள்ளி ஊற்றுகிறோம் என்பது எனக்கு எந்த அற்புதக் கதையையும் விடப் பெரிதாகப் படுகிறது.

கன்னியா தனியாகவும் இல்லை. அம்பாந்தோட்டையில் மகாபெலஸ்ஸ, அம்பாறை மாவட்டத்தில் மகா ஓயா, பொலன்னறுவைப் பக்கம் நெலும்வெவ, திருகோணமலை மாவட்டத்திலேயே கோமரங்கடவல என்று வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டு போனால், தெற்கிலிருந்து வடகிழக்குவரை வளைந்த ஒரு வரிசை வரும். நாட்டின் நடுவிலுள்ள உயர்நிலப் பாறைத் தொகுதியும் கிழக்கின் விஜயன் தொகுதியும் தொட்டுக்கொள்ளும் எல்லை ஏறக்குறைய அதே வழியாகப் போகிறது. மகா ஓயாவில் சூடு 50 பாகையைத் தாண்டும். அங்கே கை வைக்கவே யோசிக்க வேண்டும். கன்னியா அப்படியில்லை. மனித உடம்பின் சூட்டுக்குச் சற்று மேலே நிற்கிறது. குளிக்கவென்றே அளந்து வைத்த சூடு.

கிணறு என்று சொன்னாலும் எட்டிப் பார்க்கும் ஆழம் இல்லை. சுற்றிக் கட்டிய சதுரத் தொட்டிகள் ஏழு, இடுப்பளவு தண்ணீர். அடிவரை கண்ணாடி மாதிரித் தெரியும். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தால் அடியிலிருந்து குமிழி ஒன்று கிளம்பி, மேலே வந்து உடையும். பிறகு பக்கத்தில் இன்னொன்று. கிணற்றுக்குள் இறங்கக் கூடாது; வாளியால் அள்ளி ஊற்ற வேண்டும். கட்டுகளைச் சுற்றி நிலம் எப்போதும் ஈரம். வயதானவர்களைக் கையைப் பிடித்துத்தான் கூட்டிப்போக வேண்டும்.

ஏழுக்கும் ஒரே சூடு இல்லை. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கிணறுகளே கைக்கு வேறாகத் தெரியும். கீழிருந்து வரும் வெந்நீரும் மேலாகக் கசியும் குளிர்நீரும் ஒவ்வொன்றிலும் வேறு வேறு அளவில் கலந்தால் அப்படித்தான் இருக்கும். ஆனால் வந்தவர்கள் எல்லாரும் தாங்களே சோதித்துப் பார்த்துத்தான் நம்புவார்கள். "இஞ்ச வாங்கோ மாமி, இதுதான் நல்லாச் சுடுது." "இல்லைப் பிள்ளை, அந்தக் கரையில கிடக்கிறதில ஊத்திப் பார்." எங்களோடு வந்த பெரியம்மாவுக்கு முழங்கால் வருத்தம். முதல் வாளியை மெல்ல முழங்காலில் ஊற்றினார். இரண்டாவதையும் அங்கேயே. பிறகுதான் தலைக்கு. "கிணத்தடியில விடிய முழுகினா நடுங்கும். இது அடுப்பில வைச்சு இறக்கின மாதிரி இருக்கு" என்றார்.

ஊர்க்கதை இராவணனுடையது. கோணேசர் மலையையே பெயர்த்துக்கொண்டு போக அவன் முனைந்தபோது, திருமால் அந்தணராக வந்து அவனுடைய தாய் இறந்துபோன செய்தியைச் சொன்னாராம். தாய்க்கு ஈமக்கடன் செய்யத் தண்ணீர் வேண்டி அவன் நிலத்தில் ஏழு இடத்தில் குத்த, ஏழு ஊற்றும் கிளம்பின. வாளியோடு நின்று இந்தக் கதையை நினைத்தால் எனக்குப் பிடிப்பது அதில் வெற்றி இல்லாததுதான். உலகை நடுங்க வைத்தவன் கையில் எடுத்த வேலையை விட்டுவிட்டு, தாய்க்காகத் தண்ணீர் தேடி நிற்கிறான். இன்றும் திருகோணமலை ஆட்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கன்னியாவைத் தேடி வருவது அந்த முறையில்தான்.

எங்களுக்கு அந்தக் கடன் கீரிமலையில். ஆடி அமாவாசைக்குத் தகப்பனை நினைத்து அங்கே முழுகாத குடும்பம் வலிகாமத்தில் குறைவு. நகுல முனிவரின் கீரிமுகமும் மாருதப்புரவீகவல்லியின் குதிரைமுகமும் நீங்கிய தீர்த்தம் என்று புராணம் சொல்லும். 1990இல் வலிகாமம் வடக்குச் சனம் போரால் இடம்பெயர்ந்த பிறகு அந்தக் கேணி பல ஆண்டுகள் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. பெரியப்பா காலமானது அந்தக் காலத்தில். அந்தியேட்டியை வேறொரு கடற்கரையில் செய்தார்கள். பெரியம்மா அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. ஆனால் கன்னியாவில், செம்பும் பூவும் எள்ளுமாக ஒரு குடும்பம் வந்து ஓரமாக நின்றதைக் கண்டதும், ஈரத் தலையைத் துவட்டாமலே எங்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். "விலத்துங்கோ. அவை முதல் செய்யட்டும்." நாங்கள் வாளிகளைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கினோம். ஏற்கெனவே ஊற்றிக்கொண்டிருந்த வேறு ஆட்களும், சிங்களக் குடும்பமொன்று உட்பட, எதுவும் கேட்காமல் தள்ளி நின்றார்கள்.

கன்னியா நீதிமன்றம் வரை போன இடம் என்பது எல்லாருக்கும் தெரியும். கிணறுகளுக்குப் பக்கத்தில் பிள்ளையார் கோயில் இருந்த மேட்டில் விகாரை கட்டும் முயற்சிக்கு எதிராக 2019 ஜூலையில் தமிழர்கள் திரண்டார்கள். அதே மாதம் திருகோணமலை மேல் நீதிமன்றம் கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. தொல்லியல் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ள ஊற்றுக்கு வரும் பயணி ரிக்கெற் எடுத்து, குளித்து, படம் பிடித்துப் போய்விடலாம். தாயைப் பறிகொடுத்து வருகிறவருக்கு அது அவ்வளவு இலேசான இடம் அல்ல. பழமை எவருடையது என்ற வாதத்தில் எனக்கு என் நம்பிக்கை உண்டு. ஆனால் அந்த வாதம் முடியும்வரை கடன் செய்ய வருகிறவர்கள் தயங்கித் தயங்கி நிற்க வேண்டியதில்லை.

உலகத்தில் வெந்நீர் ஊற்றுள்ள நாடுகள் அதை வைத்துப் பெரிய தொழில் செய்கின்றன. ஐஸ்லாந்தில் வீடுகளையே அதனால் சூடாக்குகிறார்கள். ஜப்பானில் 1948இல் ஊற்றுகளுக்கென்றே சட்டம் போட்டார்கள். நிலத்திலிருந்து வரும் நீர் 25 பாகையைத் தொட்டாலே அங்கே அது வெந்நீர் ஊற்றுத்தான். அந்த அளவுகோலை வைத்தால் எங்கள் வீட்டுக் கிணறும் தேறிவிடும். கன்னியாவையும் அப்படி வளர்க்க வேண்டும், குளிப்புத் தடாகமும் விடுதியும் கட்ட வேண்டும் என்று சொல்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. ஏழு சின்னத் தொட்டிகளில் ஊறுகிற நீர் அது. குழாய் வைத்து இழுத்தால், கீழிருந்து வெந்நீர் வந்து சேர்வதற்குள் மேல்நிலத்துக் குளிர்நீர் அந்த இடத்தைப் பிடித்துவிடலாம். வாளியால் அள்ளுவதே அதற்குத் தக்க வேகம். சவர்க்காரமும் சம்பூவும் வானிலேயே இருக்கட்டும். சுற்றியுள்ள காட்டில் விழும் மழைக்கு மண்ணுக்குள் இறங்க வழி இருக்கட்டும்.

நான் வேண்டிக் கேட்பது ஒன்றுதான். அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்கென்று காலையில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, அதை வாசலில் மூன்று மொழியிலும் எழுதிப் போடலாம். ரிக்கெற்றும் அவர்களிடம் கேட்க வேண்டாம். குளிக்க வருகிற நாங்கள் அதற்குப் பிறகு வருவோம். ஆனையிறவுக்கு முன்னாலேயே வெளித்தால் போகிறது.