கூண்டுக்காரர்

ஆனி மாதம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் இருந்த மீன்பிடித் தடை முடிந்து, மண்டபம் கரையில் மறுபடி விசைப்படகுகளின் இரைச்சல். வாரத்தில் 3 நாள் விசைப்படகுக்கு, 4 நாள் நாட்டுப்படகுக்கு என்பது இந்தப் பக்கத்துக் கடல் ஏற்பாடு. விசைப்படகு வந்து சேரும் காலையில் சூடையும் காரலும் குவியும், விலை இறங்கும். அவர் அந்தக் காலையைப் பார்த்துத்தான் வருகிறார்.

ஐம்பது வயதிருக்கும். மடித்துக் கட்டிய கைலி, பாலித்தீன் பையில் சுற்றிய போன். ஏலத்தில் சத்தம் போடுவதில்லை. ஒரு சூடையை எடுத்துச் செவுளைப் பிரித்துப் பார்க்கிறார்; முகர்கிறார்.

“கூண்டு மீனு திங்கத்தானப்பா? அதுக்கு இம்புட்டுப் பார்வையா?” பக்கத்தில் அலுமினியச் சட்டியோடு நிற்கும் மீன்கார ஆத்தா கேட்கிறாள்.

“கெட்டதப் போட்டா அதுகளுக்கு வயிறு ஊதிக்கிரும் ஆத்தா.”

“நீ ஏலத்துக்கு வந்தா கூடைக்கு வில ஏறுது. தெருவுல குழம்பு வைக்கிறவுக எங்க போவாக?”

அவர் பதில் சொல்லவில்லை. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கூடையை இழுக்கிறார். சொல்வதற்கும் ஒன்றுமில்லை. கூண்டில் ஒரு கிலோ கடல்விரால் உருவாக 6, 7 கிலோ பொடிமீன் போகிறது. ஆத்தாளுக்கு இந்தக் கணக்கு தெரியாது, விலை தெரியும்.

முனைக்காட்டுக் கரையிலிருந்து வத்தையில் கிளம்புகிறார்கள், அவரும் மருமகனும். கச்சான் காற்று தென்கடலைக் கலக்கிக்கொண்டிருக்க, வடகடல் அசையாமல் கிடக்கிறது. அங்கே அவர் கூண்டு: பீப்பாய்கள் தாங்கும் இரும்புக்குழாய் வளையம், 6 மீட்டர் குறுக்களவு. கீழே 4 மீட்டர் ஆழத்துக்கு வலை. மாசியில் 750 குஞ்சுகள் விட்டது. மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 2010இல் கடல்விராலைப் பொரிப்பகத்தில் குஞ்சு பொரிக்க வைத்தபிறகு இந்தக் கரைக்கு வந்த தொழில் இது. கூண்டைச் சுற்றி மூங்கில் மிதவைகளில் பாசி கட்டியிருக்கிறது. மீனின் கழிவில் கரையும் சத்தைப் பாசி உறிஞ்சி வளரும்.

முதலில் ஒரு கை மட்டும் வீசுகிறார். நிற்கிறார். தண்ணீருக்கடியில் பழுப்பு முதுகுகள் திரும்புகின்றன. தட்டைத் தலை, விலாவில் வெள்ளைக்கோடு. பளாரென்று வாலடி. அவர் சட்டை நனைகிறது, துடைப்பதில்லை. அடுத்த கை, அதற்கடுத்த கை. உடல் எடையில் நூற்றுக்கு 5 பங்கு தீனி என்பது படித்துக்கொடுத்த கணக்கு. மீன் ஒன்று ஒரு கிலோ என்றால் கூண்டுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 37 கிலோ. அந்தக் கணக்குக்குத்தான் கூடை வந்திருக்கிறது. அவர் கண் கூடையில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. வாய்கள் மெதுவாக வருகின்றன. ஒரு மீன் கவ்விய காரலைத் துப்பிவிட்டு விலகுகிறது.

கை நின்றுவிடுகிறது.

“இன்னும் கால்வாசி கிடக்கே மாமா.”

“போதும்டா. திங்காதது அடியில கிடந்து அழுகும்.”

குனிந்து வலையை ஒரு பிடி தூக்குகிறார். கண்ணெல்லாம் வழவழவென்று பாசி, அதற்கு மேல் பொடிச்சிப்பி. கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்கிறார். ஒரு கண்கூடத் திறக்கவில்லை. வெக்கையில் தண்ணீரில் ஏற்கெனவே காற்று குறைவு. நீரோட்டமும் நின்றால் மீன் இரை எடுக்காது.

“நாளைக்கு வலை மாத்தணும். ஆளுக்குச் சொல்லி வை.”

போன் அடிக்கிறது. வியாபாரி. எப்போது பிடிப்பீர்கள் என்று கேட்கிறான் போலும். “இப்பத்தான் கிலோவுக்கு வந்திருக்கு. ரெண்டரை, மூணு ஏறட்டும். வாடைக்கு முன்னால ஏத்தி விட்டுருவேன்.”

மருமகன் வளையத்தில் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்க்கிறான். “எத்தனை வருசமா வளக்குறீக. ஒருநாளாச்சும் வீட்டுல ஆக்கியிருக்கீகளா மாமா?”

“குஞ்சுக் காசு, தீனிக் காசு, வலைக் காசு. எல்லாம் அது மேல நிக்குதுடா.”

மிச்சக் கூடையில் கைவிட்டு, கெட்டிப்பட்ட காரலாகப் பார்த்துத் தூக்குவாளியில் போடுகிறார்.

“அத்தைகிட்ட குடு. மதியக் குழம்புக்கு.”